இடது கை தூக்கிய பிள்ளை

உங்கள் பிள்ளைக்கு இங்கிலீஷ் நடத்துகிறாரே ஒருவர், அவர் தன் தொழிலைப் பற்றிக் கடைசியாக எதைப் படித்தார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? வேன் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டிருப்பீர்கள். போன வருடம் எத்தனை பேர் பாஸ் என்று கேட்டிருப்பீர்கள். இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒருத்தி, காலை பஸ்ஸில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் திரை கீறிய போனையும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

பெயர் முனீஸ்வரி. கெங்குவார்பட்டியில் அவள் ஏறும்போதே பஸ்ஸில் இடம் இருக்காது. அது அவளுக்குப் பொருட்டில்லை. தேவதானப்பட்டி வருவதற்குள் ஒரு பதிவைப் படித்துவிடுவாள். பெரியகுளம் வரை அதன் கீழே மற்றவர்கள் எழுதிய சண்டைகள். அதற்கப்புறம் அவளே சண்டையில் இறங்கிவிடுவாள், வாய்விட்டு.

"இதெல்லாம் இங்கன நடக்காது பெரியம்மா. நீங்க பாட்டுக்கு எழுதிட்டீக."

பக்கத்தில் கருவேப்பிலைக் கட்டோடு உட்கார்ந்திருந்த பெண் ஒருநாள் நிமிர்ந்து பார்த்தாள். "யாருகிட்டத்தா பேசுற?"

"எங்க பெரியம்மா. ஸ்காட்லாந்துல இருக்காக."

"அம்புட்டுத் தூரமா? கட்டிக்குடுத்து விட்டதா?"

"பொறந்ததே அங்கனதேன்."

அந்தப் பெண் அல்லிநகரம் வரை முனீஸ்வரியின் குடும்ப வரலாற்றைத் தனக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டு வந்தாள்.

அந்தப் பெரியம்மா, மழை ஓயாத ஏதோ ஒரு ஊரில் முப்பது வருடம் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவர். வலைப்பதிவு எழுதுகிறார். முனீஸ்வரி என்று ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரியாது. நைரோபி பக்கம் தகரக் கூரை வகுப்பில் எழுபது பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டே பதிவு எழுதுகிற ஒருவர், இவளுக்கு அண்ணன். குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டப் பள்ளியில் இருக்கும் ஏசுதாசன் மட்டும் சார். அவர் எழுதும் இங்கிலீஷில் நடுநடுவே மலையாளம் எட்டிப் பார்க்கும். பெரியம்மா எழுதியிருக்காக, அண்ணே கோவத்துல இருக்காக, சார் இந்த வாரம் எழுதல, உடம்புக்கு முடியல போல. இப்படித்தான் அவள் பேசுவாள். வீட்டில் அம்மா முத்துப்பேச்சிக்கு இந்த உறவுக்கூட்டத்தைக் கண்டாலே ஆகாது. "ஏத்தா, ஒம் பெரியம்மா வந்து கஞ்சி ஊத்துவாகளாக்கும்?"

முனீஸ்வரி பி.ஏ. இங்கிலீஷ் முடித்து, பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். ஆசிரியராவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கத்தான் கல்லூரி இருக்கிறதே, பிறகு எதற்குக் கண்காணாத ஊர்க்காரர்கள் என்று கேட்பீர்கள். கல்லூரியை ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

அங்கே இங்கிலீஷ் கற்பிக்கக் கற்பிப்பவர் தங்கப்பாண்டியன். அவர் வகுப்பில் வாசிக்கும் குறிப்புகள், அவர் படித்த காலத்தில் அவருக்கு வாசிக்கப்பட்டவை. தாள் அப்பளமாகிவிட்டது, புரட்டினால் ஓரம் உதிரும். உதிர்ந்த ஓரத்தில் இருந்த சொற்களை இந்த வருட மாணவிகள் படிக்க வேண்டியதில்லை. பாடத்திட்டத்தில் நடந்த ஒரே மாற்றம் அதுதான். நடத்தும் ஒவ்வொரு வகுப்புக்கும் மாணவிகள் எழுதும் பாடத்திட்ட ரெக்கார்டை அவர் திறப்பதில்லை. உள்ளங்கையில் வைத்து ஏந்திப் பார்ப்பார். கனமாக இருந்தால் நல்ல பாடம். முந்தைய வருடத்துக்காரி எழுதியதை அடுத்த வருடத்துக்காரி பார்த்து எழுதுவாள், அதை அதற்கடுத்தவள். எவளோ ஒருத்தி எந்தக் காலத்திலோ நடத்தாமல் விட்ட வகுப்பு, இப்படிக் கைமாறிக் கைமாறி இன்றைக்கும் நன்றாக நடந்துகொண்டிருக்கிறது.

முனீஸ்வரி ஒருமுறை வகுப்பில் எழுந்து, நைரோபிக்காரர் எழுதிய யோசனை ஒன்றைச் சொன்னாள். தங்கப்பாண்டியன் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிளாக்கா? அத எவன் அப்ரூவ் பண்ணான்?"

"நடத்திப் பாத்து எழுதியிருக்காக சார்."

"நடத்திப் பாத்தா? அப்ப அது எக்ஸ்பீரியன்ஸ். நமக்கு வேண்டியது மெத்தட். ஒக்காரும்மா."

வகுப்பு சிரித்தது. அதில் சிரிக்க என்ன இருந்தது என்று சிரித்தவர்களுக்கும் தெரியாது.

அதற்காக வலைப்பதிவு எழுதுகிறவர்கள் எல்லோரும் ஞானிகள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாதிப்பேர் தங்கள் வகுப்பைப் பல்விளக்கும் பசை விளம்பரம் போலத்தான் எழுதுகிறார்கள். எல்லாப் பிள்ளையும் சிரிக்கும், எல்லாச் சுவரும் மினுங்கும், கடைசியில் ஏதாவது ஒன்றை வாங்கச் சொல்வார்கள். முனீஸ்வரியும் ஆரம்பத்தில் கிடைத்ததையெல்லாம் விழுங்கினாள். பயிற்சிக்காக அல்லிநகரத்துப் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு கிடைத்தது. ஒவ்வொரு பிள்ளையையும் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கைகுலுக்கி உள்ளே அனுப்புங்கள் என்று பெரியம்மா எழுதியிருந்தார். இவள் நின்றாள். பெரியம்மாவுக்கு இருபது பிள்ளைகள், இவளுக்கு அறுபது. பாதிப் பாடவேளை வாசலிலேயே போனது. கைகுலுக்கி உள்ளே போனவர்கள் ஜன்னல் வழியாகக் குதித்துத் திரும்ப வந்து வரிசையில் நின்றார்கள்.

இன்னொருத்தர், இன்றைய வானிலையைக் கேட்டு வகுப்பைத் தொடங்குங்கள் என்று எழுதியிருந்தார். பங்குனி மாதத்துத் தேனியில் அதையும் கேட்டாள். திங்களும் வெயில், செவ்வாயும் வெயில். புதன்கிழமை முதல் பெஞ்சு சூரியபிரகாஷ் எழுந்து, "டீச்சர், மாறுனா நாங்களே சொல்றோம்" என்றான்.

அன்று பஸ்ஸில் அவள் போனைத் திறக்கவில்லை. மறுநாள் திறந்தபோது ஒரு விதி வைத்துக்கொண்டிருந்தாள். "தோத்த வகுப்பப் பத்தி எழுதாதவுகள நான் நம்புறதில்ல." பல்பசைக்காரர்களை மொத்தமாகக் கழித்துக் கட்டினாள். பெரியம்மா தப்பித்தார்; ஒரு பையனை இரண்டு வருடம் மக்கு என்று நினைத்திருந்ததாகவும், அவனுக்குக் காது கேட்காது என்பது பிறகே தெரிந்ததாகவும் எழுதியிருந்தார். ஏசுதாசன் சாரும் தப்பித்தார். வகுப்பில் தூங்கிய பெண்ணைத் திட்டித் தீர்த்தபின், அவள் விடியுமுன் தம்பி தங்கைகளுக்குப் பொங்கிவைத்துவிட்டு வருகிறவள் என்று அறிந்த நாளை மறைக்காமல் எழுதியிருந்தார். நைரோபி அண்ணன் தோல்வியைத் தவிர வேறெதையும் எழுதுவதில்லை. அவருடைய ஒரு வரியை முனீஸ்வரி தமிழில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டாள்: தெரியாத பிள்ளையிடம் முதலில் போ, தெரிந்த பிள்ளை உன்னை ஏமாற்றிவிடும்.

இந்த வரிதான் அவளுக்கு வினையாக வந்தது.

பி.எட். படிப்பின் முடிவில், பயிற்சி ஆசிரியை வகுப்பு எடுப்பதைப் பார்த்து மதிப்பெண் போட வெளியிலிருந்து தேர்வாளர்கள் வருவார்கள். அந்தக் குழுவுக்குக் கமிஷன் என்று பெயர். கமிஷனில் முதலிடம் வருகிறவளுக்குக் கல்லூரி நிர்வாகமே நடத்தும் பள்ளியில் ஜூன் மாதம் வேலை என்று தங்கப்பாண்டியன் அறிவித்திருந்தார். முனீஸ்வரிக்கு அந்த வேலை வேண்டும். கிடைக்காவிட்டால் என்ன என்பதில் அவள் வீட்டில் இரண்டு கருத்து இல்லை. கெங்குவார்பட்டி முக்கில் விடியுமுன் ஒரு மில் வேன் வந்து நிற்கும். அவள் அக்கா ஏற்கெனவே அதில்தான் போகிறாள்.

"பள்ளிக்கூடமோ பஞ்சாலையோ, ஜூன் மாசம் ஒண்ணுல ஏறிரணும்" என்று முத்துப்பேச்சி சொல்லிவிட்டாள். "சும்மா கெடந்து பெரியம்மாகிட்டப் பேசிக்கிட்டிருக்கதுக்கு இது ஸ்காட்லாந்து இல்ல."

கமிஷனுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாணவிகள் எல்லோரும் ரெக்கார்டுகளை மூட்டை கட்டி வீரபாண்டிக்குக் கொண்டுபோனார்கள். முன்னால் நடந்தவர் தங்கப்பாண்டியன். கௌமாரியம்மன் சந்நிதியில் இங்கிலீஷ் பாடத்திட்டங்களுக்குக் குங்குமம் வைக்கப்பட்டது. மனிதர்கள் திறந்துபார்க்காத ரெக்கார்டை அம்மனாவது படித்துப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்கள் போலும். முனீஸ்வரி ஆற்றங்கரையில் உட்கார்ந்து, திங்கட்கிழமை நடத்தவேண்டிய பாடத்தை இன்னொரு முறை வாசித்தாள். தோழி ஜோதிகா வந்து கூப்பிட்டாள். "நீ உள்ள வரலையாடி?"

"எல்லாரும் உள்ள போயிட்டா பாடத்த யாருடி படிக்கிறது?"

சனிக்கிழமை பள்ளியில் ஒத்திகை. தங்கப்பாண்டியன் எட்டாம் வகுப்பின் முன் நின்று, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "கேள்வி கேட்டா என்ன செய்வீக?"

"எல்லாரும் கை தூக்குவோம் சார்!"

"தெரிஞ்சவுக?"

"வலது கை!"

"தெரியாதவுக?"

"இடது கை!"

அறுபது பிள்ளைகளும் கை தூக்கினால் பார்க்கிறவர்களுக்கு வகுப்பு அற்புதம். பயிற்சி ஆசிரியை வலது கைகளை மட்டும் கேட்பாள். பதில் பட்டென்று வரும். பிள்ளைகளுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் கமிஷன் வருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து நடிக்கிறார்கள். முனீஸ்வரி பின்பக்கம் நின்று பார்த்தாள். கடைசிப் பெஞ்சில் மாரீஸ்வரி என்ற பெண், எல்லோருக்கும் முந்தி இடது கையை விறைப்பாக நீட்டியிருந்தாள். ஒத்திகை முடிந்ததும் முனீஸ்வரி அவளிடம் போனாள்.

"நீ எப்பவுமே எடது கைதானா?"

"ஆமா டீச்சர்." அந்தப் பெண்ணுக்குப் பெருமை தாங்கவில்லை. "நாந்தேன் டீச்சர் எல்லாரையும் விட வெரசாத் தூக்குவேன். சார் வெரிகுட் சொல்லியிருக்காக."

தெரியாது என்பதை வேகமாக அறிவித்ததற்குப் பள்ளிக்கூடம் ஒரு குழந்தைக்குக் கொடுத்த வெரிகுட். மூன்று வருடம் கை தூக்கியும் ஒருமுறைகூட அவள் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. இதைச் செய்தவர்கள் திருடர்கள் அல்ல, குடிகாரர்கள் அல்ல. நெற்றியில் திருநீறு பூசி, நேரத்துக்கு வந்து, ரெக்கார்டில் சிவப்பு மையால் கோடு போடச் சொல்லித்தருகிற மரியாதைப்பட்டவர்கள்.

திங்கட்கிழமை கமிஷன் வந்தது. தேர்வாளர்கள் இரண்டு பேர், பெரிய மீசைக்காரர் ஒருவர், ஒல்லியான அம்மையார் ஒருவர். கடைசி வரிசைக்குப் பின்னால் துணி விரித்த நாற்காலிகள், முறுக்குத் தட்டு, டீ. ராகுகாலம் கழியட்டும் என்று காத்திருந்துதான் உள்ளே வந்தார்கள். முதலில் ஜோதிகா நடத்தினாள். சூரியபிரகாஷின் வலது கையை நாலுமுறை கேட்டாள். நாலு முறையும் பதில் வந்தது. மீசைக்காரர் முறுக்கைக் கடித்தபடி தலையாட்டினார்.

அடுத்து முனீஸ்வரி. பாடம், வழிப்போக்கர் ஒருவர் வெயிலில் நடந்து வந்து ஒரு கிணற்றடியில் உட்காரும் கதை. தாகம், ஆனால் தண்ணீர் குடிக்காமல் எழுந்து போகிறார். கயிறு எட்டவில்லை என்பது பக்கத்தின் கடைசியில் வரும். ரெக்கார்டில் எழுதியிருந்தபடி, பத்தியை வாசித்து முடித்ததும் இங்கிலீஷில் கேட்டாள்: அவர் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை?

அறுபது கைகள். தங்கப்பாண்டியன் பின்னால் நின்று, சூரியபிரகாஷ் பக்கம் கண்ணைக் காட்டினார். முனீஸ்வரி அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால், வகுப்பின் கடைசியில், முறுக்குத் தட்டுக்கு ஒரு முழம் முன்னால் விறைத்து நின்ற கையைப் பார்த்தாள்.

"மாரீஸ்வரி."

வகுப்பு திரும்பியது. அந்தப் பெண் தன் கையை நிமிர்ந்து பார்த்தாள், எங்கேயாவது தவறிப்போய் மாற்றித் தூக்கிவிட்டோமா என்று. சூரியபிரகாஷ்தான் பொறுக்கமாட்டாமல் எழுந்தான். டீச்சரைக் காப்பாற்ற வேண்டும் அவனுக்கு.

"டீச்சர்! அது எடது கை டீச்சர்! அவளுக்குத் தெரியாது!"

ஒல்லி அம்மையார் டீயை இறக்கி வைத்தார். "என்ன தம்பி எடது கை?"

அவன் விளக்கினான். ஒளிக்க வேண்டிய விஷயம் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தெளிவாக, குரல் எடுப்பாக, அன்று முழுக்க அந்த வகுப்பில் மனப்பாடம் இல்லாமல் பேசப்பட்ட முதல் பேச்சாக, விளக்கினான்.

வானம் இடிந்து விழுந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். தங்கப்பாண்டியன் கைக்குட்டையைத் தேடினார், அவ்வளவுதான். மீசைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க காலேஜ்ல தெரியாதவுக விரல மடக்கித் தூக்குவாக சார். இது கொஞ்சம் ஈசியாத் தெரிஞ்சுரும்." அம்மையாரும் சிரித்தார். தொழில் தெரிந்தவர்கள் ஒருவரோடொருவர் நுட்பம் பரிமாறிக்கொண்டார்கள். பிறகு மீசைக்காரர் முனீஸ்வரியைப் பார்த்துக் கையசைத்தார். "ம், அந்தப் பையனக் கேட்டு முடிம்மா. நேரமாச்சு."

முனீஸ்வரி முடிக்கவில்லை. காத்திருந்தாள். மாரீஸ்வரி பெஞ்சின் விளிம்பைச் சுரண்டினாள். ஒவ்வொரு நொடிக்கும் தன் ஜூன் மாதம் போய்க்கொண்டிருப்பது முனீஸ்வரிக்குத் தெரியாமல் இல்லை.

"தமிழ்ல சொல்லுத்தா. ஏன் குடிக்கல?"

"அவருக்கு வாளி குடுத்திருக்க மாட்டாக டீச்சர்."

"யாரு?"

"கெணத்துக்காரவுக. எங்க மாமா ஊர்ல அப்படித்தேன். நம்மளா எறைக்கக் கூடாது. அவுக ஊத்துனாத்தேன் உண்டு. ஊத்தலைன்னா எந்திரிச்சுப் போகவேண்டியதுதேன்."

முறுக்குக் கடிபடும் சத்தம் நின்றது.

"டெக்ஸ்ட்ல அப்படி இல்லையே" என்றார் மீசைக்காரர். "கயிறு ஷார்ட். அதான் ஆன்சர். ஒக்காரச் சொல்லும்மா."

"இத இங்கிலீஷ்ல சொல்லிப் பாப்பமா?" முனீஸ்வரி அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாளிக்கு என்ன?"

"பக்கெட்."

"குடுத்தாகளா?"

"இல்ல. நோ."

"யாருமே குடுக்கல. யாருமேங்கிறதுக்கு?"

"நோபடி." சொல்லிவிட்டு, ஒவ்வொரு சொல்லாகக் காலால் தடவி ஆற்றில் இறங்குகிறவள் போல, மாரீஸ்வரி முழுதாகச் சொன்னாள். "நோபடி கேவ் ஹிம் த பக்கெட்."

மணி அடித்துவிட்டது. பாடத்தைத் தொகுத்துச் சொல்லவில்லை, கரும்பலகைச் சுருக்கம் எழுதவில்லை, வீட்டுப்பாடம் தரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பெண் போனது. மூன்று வருடம் பேசாத பிள்ளை ஒரு முழு வாக்கியம் பேசியதற்கு மதிப்பெண் தாளில் கட்டம் இல்லை. முனீஸ்வரி தேறினாள், எல்லோருக்கும் கடைசியாக. வேலை ஜோதிகாவுக்குப் போயிற்று.

ஜோதிகா கெட்டவள் இல்லை. அழுதபடி வந்தாள். "ஏன்டி, ஒரே ஒரு நாளு நடிச்சிருக்கக் கூடாதா? உள்ள போனப்பறம் வருசம் பூரா ஒம் பெரியம்மா சொன்னபடியே நடத்தியிருக்கலாம்ல?"

"தங்கப்பாண்டியன் சாரும் அப்படி நெனச்சுத்தேன்டி உள்ள போயிருப்பாரு" என்றாள் முனீஸ்வரி.

ஜூன் மாதம் அவள் மில் வேனில் ஏறினாள். தலையில் பஞ்சுத்தூசி நரை மாதிரி ஒட்டியிருக்கும். வேனில் அவளுக்கு டீச்சரு என்று பட்டப்பெயர். இப்போது உட்கார இடம் கிடைக்கிறது, அதனால் படிப்பது வசதி. தான் தோற்ற வகுப்பைப் பற்றி நைரோபி அண்ணனுக்கு முதல்முறையாக எழுதினாள். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: அந்தப் பெண்ணை இப்போது யார் கேட்கிறார்கள்?

முனீஸ்வரிக்குத் தெரியவில்லை. மறுநாள் ஷிப்ட் முடிந்து திரும்பும்போது டிரைவர் விஜயபாண்டி அல்லிநகரத்தில் டீக்கு நிறுத்தினார். அவள் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். வாட்ச்மேன் சங்கிலியைப் போட்டுவிட்டார். "இப்ப நீ டீச்சரு இல்லையேத்தா. பெத்தவுகளைத்தேன் உள்ள விடச் சொல்லியிருக்காக."

"ஒரு நிமிசம்ணே. பாத்துட்டு வந்துர்றேன்."

"ஆகாது."

ரோட்டிலிருந்து வேன் ஹாரன் அடித்தது. "ஏ டீச்சரு! ஏறுறியா, விட்டுட்டுப் போகவா?" முனீஸ்வரி கேட்டின் கீழ்க்கம்பியில் கால் வைத்து ஏறி, மாரீஸ்வரி இப்போது இருக்கும் ஒன்பதாம் வகுப்பு ஜன்னல் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாட்ச்மேன் உங்களைத் தடுக்க மாட்டார். நீங்கள் பெற்றவர்கள். ஆண்டுவிழாவுக்கும் பரிசளிப்புக்கும் மட்டும் போகாமல், சொல்லிக்கொள்ளாமல் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை உள்ளே போங்கள். கடைசிப் பெஞ்சில் இடம் கேட்டு உட்காருங்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆசிரியர் கேள்வி கேட்டு எல்லாக் கையும் எழுந்ததும், நீங்கள் எழுந்து, "இந்தப் பிள்ளையைக் கேளுங்கள்" என்று சொல்லுங்கள். பதில் வரும் வரை அங்கேயே இருங்கள்.